மறதி நோய் உள்ளவரோடு பேச போனும் கருவிகளும் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமியாருக்கு அல்சைமர் என்ற மறதி நோய். திருச்சியில் எங்கள் வீட்டிலேயே எட்டு வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டோம். அத்தை போய் மூன்று வருடமாகிறது, இன்னும் போன் வருவது நிற்கவில்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது கூப்பிட்டு, “எங்க வீட்லயும் இதே கதைதான், என்ன பண்றதுன்னு தெரியலை” என்பார்கள். பாதிக் கேள்விகள் போன், டேப்லெட், பாட்டுப் பெட்டி பற்றி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். (திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளக் கூடாது என்று எட்டு வருடம் பாடம் படித்தவள்தான். இருந்தாலும்.) நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றி இதில் ஒன்றும் இருக்காது.

“அம்மாவுக்கு டிமென்ஷியான்னு சொல்லிட்டாங்க. போன்ல நம்பர் போடவே தெரியலை. இனிமே டேப்லெட்டு அது இதுன்னு எதுக்கு?”

அவர் இயக்குவதற்காக இல்லை. நீங்களும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க, கேட்க. அம்மாவே போட்டுப் பார்த்துக்கொள்வார் என்று வாங்கிக் கொடுத்த டேப்லெட் பெரும்பாலும் ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விடும்.

டிமென்ஷியா, அதாவது மறதி நோய் உள்ள வீட்டில் பேச்சு எப்படிக் குறைகிறது என்று கவனித்துப் பாருங்கள். “சாப்டீங்களா, தூங்குனீங்களா, மாத்திரை போட்டாச்சா.” மூன்று கேள்வியோடு முடிந்துவிடும். அவர் பேச முடியாதவர் என்பதால் அல்ல, பேச விஷயம் கிடைக்கவில்லை. காலையில் நடந்தது அவருக்கு நினைவில்லை. ஆனால் சின்ன வயதில் கேட்ட பாட்டு, கை பழகிய வேலை, எதிரில் இருப்பவரின் குரலில் உள்ள கோபம், பிரியம் இதெல்லாம் வெகுநாள் தங்கும். அந்தப் பக்கமிருந்து பேச்சை எடுத்துக்கொடுக்க ஒரு படமோ பாட்டோ போதும்.

நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம், தனிக் கருவி எதையும் தேடாமல் கடையில் கிடைக்கும் சாதாரண போனைத்தான் அவரவர் வசதிக்கு வளைத்துக்கொள்கிறார்கள். அது போதும்.

“சரி, முதல்ல எதை வாங்கணும்?”

எதையும் வாங்காதீர்கள். முதலில் காதைப் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பதை எடுத்ததுமே பாதிப் பேச்சு திரும்பிய வீடுகளை எனக்குத் தெரியும். காது கருவி இருந்தால் பேட்டரி ஓடுகிறதா, சரியான காதில் மாட்டியிருக்கிறதா என்று தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். “பேட்டரி தீர்ந்துபோச்சு” என்று அவர் வந்து சொல்ல மாட்டார். அப்புறம் கண்ணாடி. துடைத்தீர்களா? கண்புரை இருக்கிறதா? காது மந்தத்தையும் சரிசெய்யாமல் விட்ட கண் பார்வைக் குறைவையும் டிமென்ஷியா வரும் அபாயத்தைக் கூட்டுகிறவை என்றே 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு தன் 14 காரணங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோய் வந்தபிறகு அவை செய்யும் கெடுதல் வேறு மாதிரி: நாம் சொன்னது கேட்கவில்லை என்பதை, புரியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு வாங்குவதென்றால் முந்நூறு ரூபாய்க்கு ஒரு போன் ஸ்டாண்டு.

“வீடியோ கால்ல அம்மா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாங்க. போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க.”

என் அத்தை போனின் பின்பக்கம் தடவிப் பார்த்து, “உள்ள எப்படிடா போனே?” என்று நாத்தனார் பையனைக் கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு, அவருக்கு நிஜமான கவலை. இன்னொரு காரணமும் உண்டு. திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரிகிறதே அவருடைய முகம், அது யாரோ ஒரு கிழவி முறைத்துப் பார்ப்பதாகப் படலாம். தன் முகமே அடையாளம் தெரியாமல் போவது இந்த நோயில் உண்டு. அந்தச் சின்னக் கட்டத்தை மறைக்க வழியிருந்தால் மறையுங்கள், இல்லாவிட்டால் அதன் மேல் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருக்குத் தெரிவது கறுப்பு நிழல். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஆறு பேர் ஆறு கட்டத்தில் கையாட்டும் குடும்ப அழைப்பு உங்களுக்குத்தான் சந்தோஷம். போன் அவர் கண் மட்டத்தில் ஸ்டாண்டில் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். தொடங்கும்போதே “அம்மா, நான் குமாரு, உங்க மூத்த பையன்” என்று சொல்லிவிடுங்கள்.

“வெளியவே நிக்கறியே, உள்ள வா, காபி போடறேன்” என்றால் “நான் அமெரிக்காவுல இருக்கேம்மா” என்று விளக்க வேண்டாம். அந்தப் பக்கம் நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்து குடியுங்கள். முடிக்கும்போது சட்டென்று திரையை அணைக்காமல், பக்கத்தில் இருப்பவர் பேச்சை வாங்கிக்கொண்டபின் நிறுத்துங்கள். ஆள் திடீரென்று மறைந்தால் தேடுவார்.

“கலிஃபோர்னியாவுல இருக்கேன். எப்ப கூப்பிட்டாலும் அழுகை, கோவம். என் மேல என்ன கோவம்னு புரியலை.”

நீங்கள் கூப்பிடும் நேரத்தின் மேல் கோபமாக இருக்கலாம். பொழுது சாயச் சாயக் குழப்பம் அதிகமாவது இந்த நோயில் பரவலாக இருப்பதுதான். உங்களுக்குக் காலை எட்டு மணி என்றால் இங்கே கோடைக் கணக்குக்கு இரவு எட்டரை, குளிர்காலக் கணக்குக்கு ஒன்பதரை. நல்ல பொழுதெல்லாம் போன பிறகு கூப்பிடுகிறீர்கள். மாற்றிப் பாருங்கள். இங்கே காலை பத்து மணி, உங்களுக்கு இரவு ஒன்பதரை அல்லது எட்டரை. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கத்துக்கு முன் இருக்கிற நேரம் அது. பத்து நிமிடம் போதும்.

நேரம் ஒத்துவராத நாளில் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புங்கள். கேள்வி எதுவும் வேண்டாம், செய்தி சொல்லுங்கள்: “இங்க மழை பெய்யுதும்மா, வெண்டைக்காய் கொழம்பு வெச்சேன்.” அவர் எப்போது தெளிவாக இருக்கிறாரோ அப்போது போட்டுக் காட்டுவார்கள். மறுநாளும் அதையே போடலாம், அவருக்குப் புதிதுதான்.

“நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்னு தினமும் கேக்கறேன். மூளைக்குப் பயிற்சிதானே?”

பயிற்சி இல்லை, பரீட்சை. தினமும் பெயில் ஆகிற பரீட்சை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பதில் வராதபோது அந்த முகத்தில் வருகிற வெட்கத்தைப் பார்த்தவர்கள் அப்புறம் கேட்க மாட்டார்கள். மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதாதா? “நினைவாற்றல் விளையாட்டு” என்று விற்கிற ஆப்களையும் இதே கணக்கில் வையுங்கள். ஆரம்ப நிலையில் அவரே ஆசைப்பட்டு ஆடினால் ஆடட்டும். தப்பு என்று சிவப்பு விளக்கு எரிகிற எதையும் நாமாக நீட்ட வேண்டாம்.

“குடும்ப போட்டோ எல்லாத்தையும் டிஜிட்டல் ஃபிரேம்ல போட்டு எதிர்ல வெச்சேன். பாத்துட்டு அழறார், இல்லேன்னா எழுந்து போயிடறார்.”

கல்யாண போட்டோவைக் காட்டினால் “இது யாரு?” என்று நாம் கேட்காவிட்டாலும் அவருக்குள் அந்தக் கேள்வி எழுகிறது. மேலே சொன்ன பரீட்சைதான். அதோடு, படத்தில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

ஸ்காட்லாந்தில் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2000-களில் ‘சர்க்கா’ என்று ஒன்றைச் செய்தார்கள். தொடுதிரையில் பழைய படம், பாட்டு, சின்னச் சின்ன வீடியோ. நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது. அதில் வேண்டுமென்றே சொந்தக் குடும்பப் படம் எதையும் வைக்கவில்லை. பொதுவான படங்கள்தான்: அந்தக் காலத்துத் தெரு, கடை, பள்ளிக்கூடம், வேலை செய்யும் இடம். பொதுப் படத்துக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது, யார் எதைச் சொன்னாலும் பேச்சு நகரும். வழக்கமான ‘பழைய கதை பேசும்’ நேரங்களில் பார்த்துக்கொள்பவரே கேள்வி கேட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. திரை முன்னால் எதைப் பார்க்கலாம் என்று நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள், பேச்சையும் தொடங்கினார்கள்.

நம் வீட்டுக்கு இதைச் செய்ய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். போனில் ஒரு ஆல்பம் போதும். அம்மி, குமுட்டி அடுப்பு, மர்ஃபி ரேடியோ, சோடா பாட்டில், டூரிங் டாக்கீஸ், மண் வாசலில் கோலம், ரயில் புகை. என் அத்தைக்குக் காவிரிப் படித்துறைப் படம் ஒன்று. “ஆடிப்பெருக்குக்கு இங்கதான் வருவோம், என் தங்கச்சி வழுக்கி விழுந்தா” என்று ஆரம்பிப்பார். அந்தப் படித்துறைதானா அது என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் எடுத்த படம். கேட்டதும் இல்லை. ஃபிரேமை ராத்திரியில் அணைத்துவிடுங்கள். இருட்டில் ஒளிரும் முகங்கள், இல்லாத ஆட்களைப் பார்க்கிற வகை டிமென்ஷியா உள்ளவர்களைப் பயமுறுத்தும்.

“பாட்டு போட்டா நல்லதுன்னு சொல்றாங்க. எந்தப் பாட்டு?”

அவருடைய பத்து வயது முதல் முப்பது வயது வரை வந்த பாட்டு. அந்த வயதுக்கால நினைவுகள்தான் பலருக்கும் அடர்த்தியாகத் தங்குகின்றன. 1945-ல் பிறந்தவருக்கு 1955 முதல் 1975 வரை. இளையராஜா வரும்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது, அது உங்கள் பாட்டு. சிலருக்கு டி.எம்.எஸ்., சுசீலா, சிலருக்குத் தேவாரம், ஒரு வீட்டில் தாத்தாவுக்கு இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரி யாராவது பேசினால்தான் பாட்டே பிடிக்கும்.

யூடியூபில் போடுவதென்றால் விளம்பரம் வராதபடி செய்துகொள்ளுங்கள். உருகுகிற பாட்டின் நடுவே ஒருவன் கத்தினால் பயந்துவிடுகிறார்கள். 2017-ல் வந்த சரிகமா காரவான் மாதிரிப் பெட்டிகள் பழைய ரேடியோ போலத் திருகுகிற குமிழ் உள்ளவை. கை பழகிய அசைவு என்பதால் சிலர் தாங்களே திருகிக்கொள்கிறார்கள். ஹெட்போன் மாட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கூடவே முணுமுணுங்கள், வரி விட்டுப்போனால் அவர் எடுத்துக்கொடுப்பார். பெயர் சொல்ல வராதவர் சரணத்தை முழுதாகப் பாடுவதைப் பார்க்கலாம்.

“ஒரே கேள்வியை நாப்பது தடவை கேக்கறாங்க. பதிலை ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டா தப்பா?”

தப்பில்லை, ஆனால் அதற்கு முன்னால் எழுதிப் பாருங்கள். பேச்சு தடுமாறிய பிறகும் படிப்பது பலருக்கு நெடுநாள் இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக, “செந்தில் ஆபீஸ் போயிருக்கான். ஆறு மணிக்கு வருவான்.” கிழமையும் பொழுதும் கேட்பவருக்கு ஒரு பழைய டேப்லெட்டில் “செவ்வாய்க்கிழமை, காலை” என்று மட்டும் பெரிய எழுத்தில் தெரிகிற மாதிரி வையுங்கள். தேதி கிழிக்கும் காலண்டர் இன்னும் நல்லது, அதைத் தினமும் அவர் கையாலேயே கிழிக்க வைத்தால். எங்கள் வீட்டில் ஒரே காலையில் ஆடி மாதம் முழுவதும் கிழிந்துபோன நாளும் உண்டு.

நாற்பது தடவையும் பதில் சொன்னபிறகும் கேட்டால், கேள்வி கிழமையைப் பற்றி இல்லை. “நான் இங்கே தனியாக இருக்கிறேனா” என்பதுதான் உள்ளே ஓடும். அதற்குப் பலகையாலும் ரெக்கார்டாலும் பதில் சொல்ல முடியாது, போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

“எங்க வீட்ல சௌராஷ்டிரா பேசுவோம். அப்பா இப்ப தமிழை விட்டுட்டார். ஸ்பீக்கர்கிட்ட பேசச் சொன்னா அதுக்கு எதுவும் புரியலை.”

பிந்திக் கற்ற மொழி முதலில் நழுவி, தொட்டில் மொழிக்குத் திரும்புவது பலரிடம் நடக்கிறது. மதுரையில் சௌராஷ்டிரா, கோவைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பேசுவதே புரியாமல் போகிறது. (ஒரு நல்ல செய்தி: ஹைதராபாதில் 648 நோயாளிகளை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தள்ளியே தொடங்கியிருந்தது.)

பேசும் கருவிகள் கோர்வையான பேச்சுக்குப் பழகியவை. பாதியில் நிறுத்தி யோசித்தால் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எதையோ உளறும். தமிழுக்கே இந்தப் பாடு. கருவியை விடுங்கள். அந்த மொழி நன்றாகப் பேசும் ஒரு அத்தையையோ சித்தப்பாவையோ பிடித்து வாரம் இரண்டு குரல் செய்தி வாங்குங்கள்.

“பாத்துக்க வந்திருக்கற பொண்ணு ஜார்க்கண்ட். தமிழ் தெரியாது. டிரான்ஸ்லேட் ஆப் போதுமா?”

உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே போதும். மாத்திரை நேரம், கஞ்சியின் பதம் எல்லாம் ஓரளவு சரியாகவே சொல்லும். அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே போதாது. நம் பெரியவர்கள் உடம்பைப் பற்றிப் பேசுவது எந்த ஆப்புக்கும் எட்டாது. “வயித்தைப் பிரட்டுது”, “கண்ணைக் கட்டுது”, “சூடு பிடிச்சிருக்கு”. ஒரு வீட்டில் பாட்டி கழிவறை போக வேண்டும் என்பதற்கு “வெளிக்கு வருது” என்றதை ஆப் ‘வெளியே’ என்று சொல்ல, அந்தப் பெண் பாவம், கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் நிறுத்தியிருக்கிறாள். பாட்டிக்குப் புடவை நனைகிற அவமானம், அவளுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்ற திகைப்பு.

ஆகவே அம்மா வழக்கமாகச் சொல்கிற இருபது, இருபத்தைந்து சொற்களை அம்மா குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் மொழியில் அர்த்தமும், என்ன செய்ய வேண்டும் என்பதும். அதேபோல அவளுக்கு ஐந்து தமிழ்ச் சொல் உங்கள் குரலில்: “வாங்கம்மா”, “மெதுவா”, “வலிக்குதா”, “இதோ வந்துட்டேன்”, “நான் இருக்கேன்”. அம்மா காதில் விழ வேண்டிய ராகத்தோடு சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அம்மா யார் என்று ஒரு நிமிட வீடியோ. முப்பது வருடம் டீச்சராக இருந்தவர், “டீச்சர்” என்று கூப்பிட்டால் உடனே திரும்புவார், தலையில் தண்ணீர் நேராக ஊற்றினால் பிடிக்காது, சாப்பாட்டுக்கு முன் சாமி விளக்கைப் பார்க்க வேண்டும். ஆள் மாறினாலும் இந்த வீடியோ இருக்கும்.

“பேச்சே போயிடுச்சு. சைகையும் சரியா வரலை. ஏதாவது ஆப் இருக்கா?”

படத்தைத் தொட்டால் பேசுகிற ஆப்கள் உண்டு. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகப் பயன்படுவது, தமிழிலும் இருக்கிறது. ஆனால் மறதி நோயில் புதிய ஆப்பைக் கற்பது கடினம். பேச்சு மட்டும் முதலில் போகிற வகை டிமென்ஷியாவில், நினைவு நன்றாக இருக்கும்போதே பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்த் தொடங்கினால் பலன் அதிகம்.

எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் 1998-ல் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’, பேசும் பாய். ஒரு பாய், மேலே மூன்று குறி: பிடிக்கும், தெரியவில்லை, பிடிக்காது. கையில் குளியல், நடை, டிவி, கோவில், தயிர்சாதம் என்று படஅட்டைகள். ஒவ்வொன்றாக அவர் வைக்கிறார். டேப்லெட்டிலும் செய்யலாம், துண்டை விரித்தும் செய்யலாம். “என்ன வேணும்?” என்று கேட்டால் திணறுபவர், தயிர்சாதத்தை நேராகப் பிடிக்காத பக்கம் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் இரண்டு வருடமாக ஊட்டிக்கொண்டிருந்தது தயிர்சாதம்.

“சீல் மாதிரி ரோபோ பொம்மை ஜப்பான்ல இருக்காமே?”

பாரோ. கடல்நாய்க் குட்டி வடிவம், தடவினால் கண் சிமிட்டும். நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிடுவார்கள், கடல்நாயை யாரும் வளர்த்ததில்லை என்பதால் அந்த உருவம். 2009-ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக அனுமதி கிடைத்தது. விலை லட்சக்கணக்கில். துணிப் பொம்மையும் மடிக்கக் கொஞ்சம் துண்டுகளும் கொடுத்துப் பாருங்கள்.

“ஹால்ல கேமரா வெச்சு அதிலேயே பேசறேன். ‘அம்மா, உக்காருங்க’ன்னு சொன்னா அலர்றாங்க.”

சுவரிலிருந்து அசரீரி கேட்டால் நானும் அலறுவேன். கேமரா பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும். பேசுவதென்றால் மூன்றாம் கேள்வியில் சொன்னபடி முகம் தெரியப் பேசுங்கள். உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் வேண்டாம். பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள்.

கேமராவால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. ஒருநாள் அத்தையைச் சாப்பிட வைத்த பதிவை நானே போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பதினேழு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் அவர் பதில் சொல்ல நேரம் விடவில்லை. அன்றிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணினேன். ஏழிலோ எட்டிலோ பதில் வந்தது.

“அப்பா போன்ல யார் கேட்டாலும் ஓடிபி குடுத்துடறார். போனைப் பிடுங்கிடலாமா?”

பிடுங்கினால் பேச்சும் போகும். வங்கிக்கு உள்ள நம்பரை உங்கள் கைக்கு மாற்றிவிட்டு, அவர் போனில் சேமித்த எண்களிலிருந்து மட்டும் மணி அடிக்கிற மாதிரி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

“அப்பா போய் ஒரு வருஷமாச்சு. அம்மா தினமும் அவரைத் தேடறாங்க. ஏஐ-ல அவர் குரலை உருவாக்கி பேச வைக்கலாமா?”

இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் என்பதே என் பதில். உறவினரின் பதிவு செய்த குரலைப் போட்டுக் காட்டும் முறை 1990-களிலிருந்தே உண்டு. 2017-ல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. அது நிஜமான மனிதர் நிஜமாகப் பேசிய பதிவு. ஏஐ குரல் அப்பா சொல்லாததைச் சொல்லும். “எப்ப வீட்டுக்கு வருவீங்க?” என்று அம்மா கேட்டால் அது என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பழைய கல்யாண வீடியோவில் அப்பா சிரிக்கிற சத்தம், அவர் அனுப்பிய குரல் செய்தி இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை போட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வாசலைப் பார்க்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். தேடும்போது “அவர் செத்துட்டாரும்மா” என்று தினம் ஒரு சாவுச் செய்தி சொல்லவும் வேண்டாம். “அப்பாவுக்கு உங்க ரசம்னா உயிரு இல்ல?” என்று அவரைப் பற்றியே பேசுங்கள்.

“இப்ப எதுக்குமே அசைவில்லை. எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சுடவா?”

திரைகளை எடுத்துவிடலாம். நாங்களும் கடைசி ஆறு மாதம் டிவி, டேப்லெட் இரண்டையும் எடுத்தோம். பாட்டுப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தோம். காலையில் அரைமணி நேரம், சின்னச் சத்தத்தில், ஒரே ஆள் குரல் உள்ள பாட்டு, பிறகு அணைத்துவிடுவோம். நாள் முழுக்க ஓடினால் அது வெறும் இரைச்சல். போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு புருவத்தையும் விரலையும் பாருங்கள். அத்தைக்கு வலது கைச் சுண்டுவிரல் மட்டும் தாளம் போடும். அதைப் போனில் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன்.